சக்கரம் எண்ணிய தொலைவு

சென்ற கோடை விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைத் தம் ஜீப் வண்டியில் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலை வழியே தம் ஊருக்கு அழைத்துச் சென்றார். மலையடிவாரத்துச் சிற்றூர் அது. ஊர்ப் பாதையில் கல்லும் மேடும் வண்டியின் அடியில் தட்டுவதால், வண்டியோடு வந்த டயர்களைக் கழற்றிவிட்டு, அவற்றினும் பெரிய டயர்களை மாட்டியிருந்தார். "அறுபதைத் தாண்டவே மாட்டேன், ஐயா. காலையும் மாலையும் ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வண்டி இது" என்றார். வேகமானியின் முள் 56இல் அசையாமல் நின்றது.

கணக்கு ஆசிரியனுக்குச் சாலையோரத்துக் கிலோமீட்டர் கற்களைக் கண்டால் கை சும்மா இராது. ஒரு கல்லைக் கடக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதிலிருந்து ஐந்தாவது கல்லைக் கடக்கும்போது மீண்டும் பார்த்தேன். 300 விநாடிகள் ஆகியிருந்தன. மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் 5 கிலோமீட்டர் செல்ல ஏறக்குறைய 321 விநாடிகள் ஆகவேண்டும். 300 விநாடிகளில் சென்றோம் என்றால் எங்கள் உண்மையான வேகம் 60 ஆகும். முள் 60ஐக் காட்டும்போது வண்டி 64க்கு மேல் ஓடும். பிள்ளைகளின் நலம் கருதி அவர் தமக்கு விதித்துக்கொண்ட எல்லையை, தாம் அறியாமலே நாள்தோறும் கடந்துகொண்டிருந்தார்.

"கருவி பழுதாகவில்லையே, ஐயா! வாங்கியபோது சரியாகத்தானே காட்டியது?" என்று அவர் கேட்டார். அவர் சொன்னது உண்மை. கருவியில் ஒரு பழுதும் இல்லை. பின் பிழை எங்கே நேர்ந்தது? இவ்வினாவுக்கு விடை காண, மாணவ நண்பர்களே, நாம் இரண்டாயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

பழங்காலத்தில் மக்கள் தொலைவைத் தம் உடலைக் கொண்டே அளந்தனர். குரல் எட்டும் தொலைவைக் கூப்பிடு தூரம் என்று நம்மவர் குறித்தனர். பேரரசர் அலெக்சாந்தரின் படையோடு, காலடிகளை எண்ணித் தொலைவைக் கணக்கிடுவதையே தொழிலாகக் கொண்ட அளவையாளர்களும் சென்றனர். ஆயின் குரல் ஆளுக்கு ஆள் வேறுபடும். காலடியோ களைத்தவனுக்குக் குறுகும். களைப்பறியாத காலடி ஒன்று வேண்டும் என்று மனிதன் தேடியபோது, அவன் கண்முன்னே உருண்டுகொண்டிருந்தது வண்டிச் சக்கரம். ஒரு முறை சுழன்றால் தன் சுற்றளவுக்கு முன்னேறும். சுழற்சிகளை எண்ணிவிட்டால் வழியை அளந்தாயிற்று.

இவ்வெண்ணத்தைக் கருவியாக விளக்கி எழுதியவர்களுள் முதன்மையானவர் உரோமாபுரிக் கட்டடக் கலைஞர் வித்ருவியஸ். கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அவர், கட்டடக் கலை பற்றித் தாம் இயற்றிய பத்துப் பகுதிகளைக் கொண்ட நூலின் கடைசிப் பகுதியில் இக்கருவியை விவரித்துள்ளார். முன்னோரிடமிருந்து வந்த முறை என்றே அதனைக் கூறுகிறார். வண்டிச் சக்கரத்தின் சுற்றளவு பன்னிரண்டரை அடி. அச்சக்கரம் ஒரு முறை சுழலும்போது, 400 பற்களைக் கொண்ட வட்டு ஒன்று ஒரே ஒரு பல் அளவுக்கு நகரும். 400 சுழற்சிகள் முடிந்தால் வட்டு ஒரு முழுச் சுற்று முடிக்கும். பன்னிரண்டரையை 400ஆல் பெருக்கினால் 5,000 அடி. அதுவே ஓர் உரோமானிய மைல். அப்போது மேலுள்ள மற்றொரு வட்டின் துளையிலிருந்து ஒரு கூழாங்கல் கீழே இருக்கும் வெண்கலப் பாத்திரத்தில் ஓசையுடன் விழும். பயணம் முடிந்ததும் பாத்திரத்தில் உள்ள கற்களை எண்ணினால் எத்தனை மைல் வந்தோம் என்பது விளங்கிவிடும்.

இக்கருவியின் அழகைப் பாருங்கள். ஆனால் அதன் எல்லையையும் பாருங்கள். அந்த வெண்கலப் பாத்திரத்துக்குச் சாலை தெரியாது, மைலும் தெரியாது. 400 சுழற்சிகள் ஆயின என்பது ஒன்றே அதற்குத் தெரியும். ஒவ்வொரு சுழற்சிக்கும் பன்னிரண்டரை அடி என்பது, கருவியைச் செய்தவன் ஒரு நாள் அளந்து அதனுள் வைத்துவிட்டுப் போன வாக்கு. சக்கரம் மாறாதவரை அவ்வாக்கு பொய்க்காது. வேறொரு சக்கரத்தை மாட்டினாலோ, கற்கள் முன்போலவே ஒழுங்காக விழும். ஆனால் அவை மைல்களைக் குறிக்கமாட்டா.

சீன நாட்டில் இக்கருவி இன்னும் எழிலான உருவம் பெற்றது. சோங் அரச மரபின் காலத்தில், 1027ஆம் ஆண்டில், லூ தாவ்லுங் என்பவர் அமைத்த வண்டியைப் பற்றி அம்மரபின் வரலாற்று நூல் விரிவாகக் கூறுகிறது. வண்டியின்மீது மரப்பாவைகள் நின்றன. ஒரு 'லி' தொலைவு கடந்ததும் ஒரு பாவை முரசை அறையும். பத்து 'லி' கடந்ததும் மற்றொரு பாவை மணியை அடிக்கும். சக்கரத்தின் விட்டம் 6 அடி, சுற்றளவு 18 அடி, நூறு சுழற்சிக்கு 1,800 அடி, அதுவே ஒரு 'லி' என்பது அந்நூல் தரும் கணக்கு.

இங்கே சற்று நிறுத்தி, உங்கள் கணக்குப் புத்தகத்தை நினைவுகூருங்கள். 6 அடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 18 அடி ஆகுமா? விட்டத்தை 22/7ஆல் பெருக்கினால் 18 அடியும் ஏறக்குறைய 10 அங்குலமும் வருகின்றன. சுற்றளவு விட்டத்தைப் போல் மும்மடங்கு என்ற எளிய கணக்கையே அவ்வண்டிக்குக் கொண்டுள்ளனர். ஏட்டில் உள்ளபடியே சக்கரம் செய்யப்பட்டிருந்தால், முரசு 21 முறை முழங்கும்போது வண்டி 22 'லி' சென்றிருக்கும். இதில் வியப்பு யாதெனில், அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஐந்தாம் நூற்றாண்டில், அதே நாட்டுக் கணித அறிஞர் சூ சோங்ச்சி இவ்விகிதத்தை 355/113 என்று மிக நுட்பமாகக் கண்டிருந்தார். நுண்ணிய அறிவு ஏட்டில் இருந்தது. பருமையான கணக்கு வண்டியில் ஓடியது. முரசு ஒரு முறையும் தவறி முழங்கவில்லை; பாவையின் கையும் சோரவில்லை. பிழை முழுவதும் சக்கரத்தின் அளவில் இருந்தது.

சக்கரத்தின் அளவை உறுதியாக அறிந்தவனோ உலகத்தையே அளக்க முனையலாம். பிரான்சு நாட்டு மருத்துவர் ழான் ஃபெர்னெல் அதற்குச் சான்று. பூமியின்மேல் வடக்கு நோக்கி ஒரு பாகை செல்வதென்றால் எவ்வளவு தொலைவு செல்லவேண்டும் என்பதை அறிய அவர் விரும்பினார். பாரிசில் சூரியனின் உயரத்தை அளந்தார். வடக்கே அமியான் நகரின் பக்கம் சென்று, ஒரு பாகை வேறுபடும் இடத்தைக் கண்டார். இடைப்பட்ட வழியை வண்டியில் கடந்து, சக்கரத்தின் சுழற்சிகளை எண்ணினார். எண்ணிக்கை 17,024, சக்கரத்தின் சுற்றளவு சுமார் 20 அடி. சாலையின் ஏற்ற இறக்கங்களுக்கும் வளைவுகளுக்கும் ஓரளவு கழித்துக்கொண்டு 1528இல் அவர் வெளியிட்ட முடிவு, இன்றைய அளவுக்கு வியக்கத்தக்க வகையில் நெருங்கியிருந்தது. நற்பேறும் அவருக்குத் துணை நின்றது என்பர். எனினும், சக்கரம் மேட்டையும் வளைவையும் சேர்த்தே எண்ணும் என்பதை அவர் உணர்ந்து கழித்துக்கொண்டாரே, அதுவன்றோ அறிவியல் மனப்பான்மை!

1675இல் ஜான் ஓகில்பி என்பவர் இங்கிலாந்து, வேல்சு நாடுகளின் சாலைகளைக் கையால் தள்ளும் அளவுச் சக்கரத்தைக் கொண்டு அளந்து, நூறு படங்களாக வெளியிட்டார். ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த மைலை விட்டு, 1,760 கெஜம் கொண்ட ஒரே மைலை அவர் எங்கும் பயன்படுத்தினார். அத்தகைய அளவுச் சக்கரங்கள் பின்னர் நம் நாட்டுச் சாலைகளிலும் உருண்டன. ஆனால் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்ப்டன் தம் பெரிய நில அளவைக்கு அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியபோது, சக்கரத்தை நாடவில்லை. 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக் கொண்டு, ஏழரை மைல் நீளத்தை 57 நாட்களில் அளந்தார். வெயிலில் எஃகு நீளும். ஆகவே சங்கிலியை வெயில் படாமல் காத்து, வெப்பமானியால் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே அளந்தார். அளக்கப்படும் பொருளை மட்டுமன்றி அளவுகோலையும் அளக்கவேண்டும் என்ற பாடத்தை நம் மண்ணில் நடத்திக் காட்டியவர் அவர்.

இனி அமெரிக்கப் பெருவெளிக்குச் செல்வோம். 1847ஆம் ஆண்டில் மார்மன் சமயத்தார் மாட்டு வண்டிகளிலும் குதிரை வண்டிகளிலும் மேற்கு நோக்கி, பெரிய உப்பு ஏரியின் பள்ளத்தாக்கைத் தேடிச் சென்றனர். பின்னால் பல்லாயிரம் பேர் வரவிருந்தனர். அடுத்த தண்ணீர் எத்தனை மைலில் உள்ளது, அடுத்த புல்வெளி எங்கே உள்ளது என்பது அவர்களுக்கு உயிர் வினா. முன் சென்றவர்களோ நாளொன்றுக்குக் கடந்த தொலைவை மனம்போனபடி மதிப்பிட்டனர். அவர்களுள் வில்லியம் கிளேட்டன் என்பவருக்கு இம்மதிப்பீடுகளில் நம்பிக்கை இல்லை. வண்டிச் சக்கரம் ஒன்றின் சுற்றளவை அளந்தார். 14 அடி 8 அங்குலம் இருந்தது. அத்தகைய சக்கரம் 360 முறை சுழன்றால் மிகச் சரியாக 5,280 அடி, அதாவது ஒரு மைல்.

ஆரக்கால் ஒன்றில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, கிளேட்டன் வண்டிக்குப் பக்கத்தில் நடந்தபடியே அத்துணி சுற்றி வருவதை எண்ணலானார். மே 8ஆம் நாள் அவர் எண்ணிய சுழற்சிகள் 4,070. அது பதினொன்றே கால் மைலும் மேலும் இருபது சுழற்சிகளும் ஆகிறது. உடன் வந்தவர்களுள் பதின்மூன்று, பதினான்கு மைல் என்று மதிப்பிட்டவர்களும் இருந்தனர். தண்ணீர் பத்து மைலில் உண்டு என்று எழுதிவைப்பதற்கும் பன்னிரண்டு மைலில் உண்டு என்று எழுதிவைப்பதற்கும் உள்ள வேறுபாடு, தாகத்தோடு வருபவனுக்குத் தெரியும். சில நாட்களில், ஆர்சன் பிராட் வகுத்த அமைப்பின் துணைகொண்டு, ஆப்பில்டன் ஹார்மன் என்ற தச்சர் மரப் பல்சக்கரங்களாலான எண்ணும் கருவி ஒன்றைச் செய்து அவ்வண்டியில் பொருத்தினார். கிளேட்டனின் கண்களுக்கு ஓய்வு கிடைத்தது. அவர் அளந்த தொலைவுகள் 1848இல் வழிகாட்டி நூலாக அச்சேறி, பின்வந்தோருக்குத் துணையாயின.

மோட்டார் வண்டி வந்ததும், எவ்வளவு தொலைவு என்ற வினாவோடு எவ்வளவு வேகம் என்ற வினாவும் சேர்ந்துகொண்டது. 1824இல் பிரான்சு அறிஞர் அராகோ, சுழலும் செப்புத் தட்டு தன்மேல் தொங்கும் காந்த ஊசியைத் தன்னோடு இழுத்துச் செல்வதைக் கண்டார். செம்போ காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகம். இப்புதிருக்கு 1831இல் மைக்கேல் பாரடே விடை கண்டார்: காந்தமும் உலோகமும் ஒன்றுக்கொன்று நகரும்போது உலோகத்தில் மின்னோட்டம் பிறக்கிறது; அதுவே இழுவைக்குக் காரணம். இவ்வுண்மையைக் கொண்டு, 1902இல் பெர்லினில் ஓட்டோ சுல்ட்சே என்ற பொறியாளர் வேகமானிக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தோடு இணைந்து சுழலும் வளையும் கம்பி ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சூழ்ந்த உலோகக் கிண்ணம் அதன் பின்னே திரும்ப முயலும். மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கும். சுழற்சி விரைவானால் இழுவையும் மிகும். கிண்ணத்தோடு இணைந்த முள்ளும் அதற்கேற்ப நகரும். நெடுங்காலம் உலகெங்கும் வண்டிகளில் இருந்தது இவ்வமைப்பே. பிற்காலத்தில் கம்பிக்கு மாற்றாக மின்னணு உணரிகள் வந்தன. ஆயினும் பெரும்பாலும் அவையும் எண்ணுவது சுழற்சிகளையே. வித்ருவியசின் கூழாங்கல் மின்துடிப்பாக மாறிற்று, வேறொன்றும் இல்லை.

இப்போது என் மாணவரின் ஜீப்புக்குத் திரும்புவோம். பழைய டயரின் விட்டம் 70 சென்டிமீட்டர் என்று கொள்வோம். சுற்றளவு 220 சென்டிமீட்டர். கருவியினுள் இருப்பது இவ்வளவே. புதிய டயரின் விட்டம் 75 சென்டிமீட்டரானால், சுற்றளவு ஏறக்குறைய 236 சென்டிமீட்டர். ஒவ்வொரு சுழற்சியிலும் 16 சென்டிமீட்டர் கணக்கில் வராமல் ஓடிவிடுகிறது. பழையதற்கும் புதியதற்கும் உள்ள விகிதம் 14க்கு 15. எனவே முள் 56ஐக் காட்டினால் உண்மை 60; முள் 84ஐக் காட்டினால் உண்மை 90. தூரமானியும் இவ்வாறே 14 கிலோமீட்டர் என்று காட்டும்போது வண்டி 15 கிலோமீட்டர் ஓடியிருக்கும். டயர் தேய்ந்தால் இதற்கு எதிரான பிழை நேரும். விட்டம் சற்றுக் குறைவதால் முள் உண்மையைவிட மிகுதியாகக் காட்டும்.

விட்டத்தை மட்டும் நம்பிவிடலாகாது என்பதையும் சொல்லவேண்டும். நான் பணியிலிருந்தபோது ஒரு நாள் வகுப்பு மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துச் சென்று, சைக்கிள் சக்கரத்தின் விட்டத்தை அளந்து, 22/7ஆல் பெருக்கிச் சுற்றளவைக் கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் நின்ற ஒரு சிறுவன், "சைக்கிள்மேல் ஆள் உட்கார்ந்தாலும் இதேதானா, ஐயா?" என்று கேட்டான். டயரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டு, ஒருவனை ஏறி உட்காரச் செய்து, பத்துச் சுழற்சிகள் உருட்டினோம். என் கணக்கைவிட ஏறக்குறைய ஒரு சாண் குறைந்திருந்தது. பாரத்தால் டயர் அழுந்துவதை நான் கணக்கில் கொள்ளவில்லை. அன்று நானும் ஒரு பாடம் கற்றேன். ஆகவே, டயர் மாற்றியவர்கள் வண்டியில் வழக்கமான பாரத்தை ஏற்றி, வழக்கமான காற்றழுத்தம் வைத்து, தரையில் கோடிட்டு உருட்டி அளப்பதே நேரிய முறை.

ஓடும் வண்டியில் சோதிப்பதற்கும் எளிய வழி உண்டு. முள்ளை ஓர் எண்ணில் நிலையாக நிறுத்தி ஓட்டவேண்டும். நேரத்தை ஓட்டுநர் பார்க்கலாகாது, உடன் இருப்பவரே பார்க்கவேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு ஆன விநாடிகளால் 3,600ஐ வகுத்தால் உண்மை வேகம் கிடைக்கும். ஒரே கிலோமீட்டரில் சோதித்தால், கடிகாரத்தில் ஒரு விநாடி தவறினாலும் அறுபதில் ஒரு பங்கு பிழை வரும். ஐந்து கிலோமீட்டரில் சோதித்தால் அப்பிழை ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும். இக்காலத்தில் செயற்கைக் கோள்களின் துணையால் கைப்பேசியும் வேகத்தைச் சொல்கிறது. அது சக்கரத்தை எண்ணுவதில்லை. ஆதலால் சக்கரத்தின் பிழையைக் காட்டிக்கொடுக்கும் நடுநிலைச் சாட்சியாக அது நிற்கிறது.

நான்கு கிலோமீட்டர் வேறுபாட்டுக்கு இத்தனை பேச்சா என்று எண்ணாதீர்கள். ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. பிரேக் பிடித்தபின் 56இல் நிற்கும் வண்டியைவிட 60இல் ஓடும் வண்டி ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூடுதலாக ஓடியே நிற்கும். சாலையைக் கடக்கும் குழந்தைக்கு அந்தச் சில அடிகளே எல்லாம். இதனாலன்றோ, ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39ஆம் விதி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது! உண்மை வேகம் 60 என்றால், முள் 60 முதல் 70 வரை காட்டலாம், 59 காட்டலாகாது. பிழை நேர்ந்தே தீருமாயின் அது உயிரைக் காக்கும் பக்கத்தில் இருக்கட்டும் என்பது அவ்விதியின் கருத்து. டயரைப் பெரிதாக்குகிறவர் அந்தக் காப்பைத் தம் கையாலேயே கரைத்துவிடுகிறார்.

ஊர் சேர்ந்ததும் என் மாணவர் ஒரு சுண்ணாம்புக் கட்டியையும் அளவு நாடாவையும் எடுத்து வந்தார். வாசலிலேயே டயரை உருட்டி அளந்தோம். ஒரு சிறு அட்டையில், முள் காட்டும் எண்ணை ஒரு பக்கமும் உண்மை வேகத்தை மறு பக்கமும் எழுதி, வேகமானிக்கு அருகில் ஒட்டினார். கருவியைத் திருத்திக்கொள்ளும் வரை இனி 56தான் தமக்கு எல்லை என்றார். மறுவாரமே பட்டறைக்குச் சென்று, புதிய சக்கரத்துக்கேற்ப வேகமானியைத் திருத்திக்கொண்டதாகவும் எழுதியிருந்தார்.

மாணவ நண்பர்களே, கருவிகள் நிறைந்த உலகில் நீங்கள் வாழ்கிறீர்கள். ஒவ்வொரு கருவியும் உங்களுக்கு ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணைக் கேட்கும்போதெல்லாம், "நீ உண்மையில் எதை எண்ணுகிறாய்? எந்த அளவை நம்பி இதைச் சொல்கிறாய்?" என்று திருப்பிக் கேளுங்கள். உரோமாபுரியின் கூழாங்கல்லையும், சீனத்து முரசையும், கிளேட்டனின் சிவப்புத் துணியையும் அப்போது நினைவுகூருங்கள். சக்கரம் நேர்மையாகவே சுழல்கிறது. அதன் சுற்றளவை அளந்து சொல்லும் பொறுப்பு நம்முடையது.